பல கருவியும் ஒரு கையும்

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பது நமது நாட்டிலே வழங்கும் பழமொழி. பழமொழிகள் யாவும் அனுபவத்தின் சாரம் என்று சொல்வார்கள். அது யாருடைய அனுபவம் என்று மட்டும் எவரும் கேட்பதில்லை. மரம் வாங்கக் காசு படைத்தவன், தச்சனின் கூலியைக் கணக்குப் பார்த்துவிட்டுச் சொன்ன சொல்லாகவும் இது இருக்கலாம். தச்சனையே கேட்டால், வேம்பின் குணத்தை அறிந்தவனுக்கே பலாவின் அருமை விளங்கும் என்று அவன் மறுமொழி கூறக்கூடும்.

இந்தப் பழமொழி பல ஆண்டுகளாக நம்மை நோக்கி வீசப்பட்டு வருகிறது. நாம் பருத்தித்துறையிலே வாழ்கிறோம். பாடசாலையிலே கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றோம். இசையை விற்று உண்டவர் அல்லோம். ஆயினும் வயலின், மிருதங்கம், ஆர்மோனியம் ஆகிய மூன்றையும் பயின்று வந்திருக்கிறோம். நான்காவதாக ஒன்று பிற்காலத்திலே வந்து சேர்ந்தது. அதனைப் பற்றி உரிய இடத்திலே சொல்வோம். "மாஸ்டர், ஒண்டைப் பிடிச்சு ஒழுங்காப் படியுங்கோவன்" என்பது அயலாரின் நீங்காத புத்திமதி. அந்தப் புத்திமதியிலே பாதி நியாயம் உண்டு. மற்றப் பாதியைப் பற்றியதே இக்கட்டுரை.

ஒருவன் ஏன் பல கருவிகளைக் கற்கிறான்? ஆசையினால் என்பது எளிய விடை. அதனினும் மெய்யான விடை தேவை என்பதாகும். சென்னையிலே கச்சேரி வைப்பவர்களுக்கு வயலின்காரர் ஒருவர் வராவிட்டால் வேறொருவர் வருவார். கடலோரத்துச் சிற்றூரிலே அப்படியன்று. நமது பகுதிச் சனசமூக நிலையத்து இளைஞர்கள் காத்தவராயன் கூத்து ஆடத் தொடங்கினால், ஆர்மோனியம் வாசிப்பவர் தோட்டத்திலே நீர் இறைத்துக்கொண்டிருப்பார். மிருதங்கக்காரர் அடுத்த ஊரிலிருந்து சைக்கிளிலே வரவேண்டும். மழை பெய்தால் அவரும் வரார். வராதவரின் இடத்தை வந்தவர் நிரப்ப வேண்டும். தொழில்முறைக் கலைஞன் தன் இடத்தைக் காத்துக்கொள்கிறான். அமெச்சூர் கலைஞன் எந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறதோ அங்கே போய் அமர்கிறான். அவனுடைய சிறுமையும் அதுதான்; பெருமையும் அதுதான்.

இது நமது ஊருக்கு மட்டும் உரிய கதையன்று. இங்கிலாந்தின் வடபகுதியிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், சுரங்கத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் பித்தளைக் குழல் இசைக்குழுக்களை அமைத்தனர். யோர்க்சயர் மாகாணத்துக் குவீன்ஸ்பரி ஊரின் நெசவாலையிலே 1855ஆம் ஆண்டு தோன்றிய பிளாக் டைக் மில்ஸ் குழு இன்றும் வாசித்து வருகிறது. அக்குழுக்களின் வழக்கம் ஒன்று நமது சிந்தனைக்கு உரியது. சிறு கோர்னற் முதல் மடியிலே தாங்க முடியாத பெரிய தூபா வரை, வால்வு பொருத்திய குழல்கள் எல்லாவற்றுக்கும் ஒரே விதமான இசைக்குறிப்பு, ஒரே விதமான விரலடைவு. ஒரு கருவியைக் கற்ற தொழிலாளி, தோழன் ஒருவன் நோயுற்றாலோ வேறு ஊருக்குப் போனாலோ, அவனது கருவியை எடுத்து வாசிக்க இயலும். இங்கே பல கருவி அறிதல் என்பது தனி மனிதனின் சாமர்த்தியமாக நில்லாமல், கூட்டு வாழ்வின் ஏற்பாடாக அமைந்தது. ஏற்பாடு சரியாக இருந்தால் சாதாரண மனிதனும் பலவற்றை ஆளலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

நமது சங்கீதத்திலும் அத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. மாயாமாளவகௌளை இராகத்திலே அமைந்த சரளி வரிசையும் ஜண்டை வரிசையும் பாடுவோனுக்கும் வயலினுக்கும் வீணைக்கும் குழலுக்கும் பொதுவானவை. தாளம் எல்லோருக்கும் பொது. வாய்ப்பாட்டு என்பது எல்லாக் கருவிக்கும் தாய். வாயினாற் பாட முடிந்ததை விரல் ஒருநாள் கண்டுபிடித்துவிடும். வாய்க்கு வராததை விரல் கண்டுபிடிப்பது அரிது. ஆகவே பல கருவி பயில விரும்பும் மாணவனுக்கு நாம் முதலிற் சொல்வது, பாடு என்பதே. குரல் இனிமையாக இருக்க வேண்டியதில்லை. சுருதியிலே நின்றாற் போதும்.

இனி, காலத்தைப் பங்கிடும் முறையைச் சொல்வோம். கணிதம் கற்பித்தவர் கணக்குச் சொல்லாமற் போனால் வாசகர் மன்னியார்.

முதலாவது, இரண்டு கருவிகளை ஒரே காலத்திலே தொடங்கலாகாது. ஒன்று கையிலே நிலைபெற வேண்டும். நிலைபெறுதலாவது, ஒரு மாதம் தொடாதிருந்தாலும் மறக்காத நிலை. வயலினிலே ஒரு வர்ணத்தை இரண்டு காலங்களிலும் தட்டின்றி வாசிக்கும் வரை நாம் மிருதங்கத்தைத் தொடவில்லை. இரண்டாவது, ஒரு கருவியே தலைமை தாங்க வேண்டும். ஏனையவை அதற்குத் துணை நிற்க வேண்டும். வயலினே நமக்குத் தலைமைக் கருவி. மூன்றாவது, ஒரே பாடத்தை எல்லாக் கருவியிலும் நடத்த வேண்டும். காலையிலே ஆதி தாளத்து வர்ணம் வயலினில் என்றால், மாலையிலே அதே ஆதி தாளத்தின் சொற்கட்டுக்கள் மிருதங்கத்தில். அப்போது இரண்டு பாடம் ஒரு பாடமாகிவிடும். லயம் தெரியாத வயலின்காரன் மிருதங்கக்காரனைக் கண்டு அஞ்சுவான். மிருதங்கம் கற்ற வயலின்காரன் அவனோடு உரையாடுவான்.

நான்காவது, வரிசை மாறலாகாது. மிருதங்கம் வாசித்த கை சற்று நேரம் வில்லைப் பிடிக்க மறுக்கும். தசை இறுகி, நீண்ட வில்லிழுப்பிலே நடுங்கும். ஆதலால் வயலின் முன், மிருதங்கம் பின். ஆர்மோனியத்தின் சங்கடம் வேறு வகையானது. அதன் கட்டைகள் நின்ற இடத்திலே நிற்கும். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே உள்ள வழுக்குப் பாதை அதில் இல்லை. அதிலே நெடுநேரம் பழகிய செவி கமகத்தை மறக்கத் தொடங்கும். அதற்கு மருந்து, ஆர்மோனியத்தை மூடிய பின் தம்புராச் சுருதியோடு கொஞ்ச நேரம் பாடுவது.

நேரக் கணக்கு இது: நாளொன்றுக்கு 50 நிமிடம். வயலினுக்கு 25, மிருதங்கத்துக்கு 15, பாட்டுக்கு 10. ஆர்மோனியம் கூத்து ஒத்திகை உள்ள நாட்களிலே மட்டும். ஞாயிற்றுக்கிழமையிலே நாலு மணி நேரம் உட்கார்ந்து, மற்ற ஆறு நாளும் தொடாதிருப்பவன் ஒவ்வொரு ஞாயிறும் முதலிலிருந்து தொடங்குகிறான். தினமும் கொஞ்சம் என்பது ஏழை மனிதனின் செல்வம்.

காலத்தோடு பருவமும் கணக்கிலே சேரும். பருத்தித்துறையிலே கடல் காற்றிலே உப்பு உண்டு. வயலின் தந்திகளைத் தினமும் உலர்ந்த துணியால் துடைக்காவிட்டால் துரு ஏறும். கார்த்திகை, மார்கழி மாரியிலே தோல் நனைந்து தளர்ந்து, மிருதங்கம் சுருதி நில்லாது. கோடையிலே மரம் வற்றி, வயலினின் முறுக்காணி வழுக்கும். ஆகவே மாரியிலே வயலினுக்கும் கோடையிலே மிருதங்கத்துக்கும் நேரத்தைச் சற்றுக் கூட்டுவோம். கமக்காரன் பயிரை மாற்றுவது போலத்தான் இதுவும்.

இவையெல்லாம் உள்ளபடி நடந்தன என்று வாசகர் நினைத்துவிடலாகாது. 1987ஆம் ஆண்டு வைகாசியிலே வடமராட்சி மீது இராணுவ நடவடிக்கை நிகழ்ந்தபோது, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறினோம். வயலின் தோளிலே வந்தது. ஆர்மோனியம் பாரம் என்று நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது அதன் துருத்தி மட்டும் கிணற்றடியிலே கிடந்தது. 1990களிலே யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை, மின்சாரம் இல்லை, மின்கலமும் தடைப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதிச்சட்டத்தைக் கையாற் சுழற்ற, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்திலே ஒலிநாடா கேட்ட காலம் அது. சுழற்றும் கை தளர்ந்தால் பாடகரின் சுருதியும் தளரும். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்திலே மாணவர் சிலர் மிருதங்கச் சொற்களைத் தொடையிலே தட்டிப் பழகினார்கள். கருவி இல்லாதபோதும் கல்வி நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகளிற் பலர் இன்று உலகின் பல திசைகளிலே இருக்கிறார்கள். சிலர் எங்குமே இல்லை.

கருவிகளின் வரலாற்றைக் கற்றால், எந்தக் கருவியும் பிறக்கும்போதே தூய்மையானதாகப் பிறக்கவில்லை என்பது தெளிவாகும். இன்று கர்நாடக சங்கீதத்தின் இன்றியமையாத அங்கமாகிய வயலின் ஐரோப்பாவிலிருந்து வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் இளைய சகோதரராகிய பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவும் அதனை நம்முடையதாக்கினார்கள். ஆர்மோனியமும் ஐரோப்பாவிலே பிறந்ததே. கல்கத்தாவின் துவாரகாநாத் கோஷ் அதனைத் தரையிலே அமர்ந்து வாசிக்கத்தக்க கைப்பெட்டியாக மாற்றினார். வயலினுக்குச் சபையிலே பாயும் தாம்பூலமும் கிடைத்தன. ஆர்மோனியத்தையோ அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு வெளியே நிறுத்திற்று. 1971 வரை அந்தத் தடை நீடித்தது. கமகம் வாசிக்க இயலாது என்பது உண்மையான குறைதான். ஆனால் நாடகக் கொட்டகையிலும் கூத்துக் களரியிலும் பள்ளிக்கூடத் திண்ணையிலும் சாதாரண சனங்களுக்குச் சுருதி கொடுத்த பெட்டி எது? அதே ஆர்மோனியந்தான். குறை கருவியிலே இருந்தது. அவமதிப்பின் வேரோ அதனை வாசித்தவர்கள் மீதிருந்த இளக்காரத்திலே இருந்தது.

கஞ்சிராவின் கதை இன்னும் சிறப்பானது. உடும்புத் தோல் போர்த்திய அந்தச் சிறு வட்டத்தைக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கியவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை. அவர் தாள ஞானம் பெற்றது தவிற்கலைஞர் ஒருவரிடம். அவருடைய சீடர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை கஞ்சிரா, மிருதங்கம் இரண்டிலும் மேதையாக விளங்கினார். சிறுவனாகக் கஞ்சிராவிலே தொடங்கி, தபேலா, ஆர்மோனியம், சிதார் என்று பலவற்றையும் கையாண்டு, முடிவிலே வீணையைக் குருவின்றிக் கற்றுத் தமக்கென ஒரு பாணி கண்டவர் எஸ். பாலசந்தர் (1927–1990). 1954இல் பாட்டே இல்லாத "அந்த நாள்" என்னும் படத்தை இயக்கியவரும் அவரே. பல மரம் கண்ட இத்தச்சர்கள் மரம் வெட்டாமலா போனார்கள்?

எனினும் நமது யாழ்ப்பாணத்திலே, எந்தக் கருவியை யார் கற்பது என்பதை ஆசையோ ஆற்றலோ தீர்மானித்ததில்லை. வயலினும் வீணையும் படித்த குடும்பத்து வரவேற்பறையிலே அலங்காரமாக அமர்ந்தன. வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைச் சான்றிதழ் சட்டமிடப்பட்டுச் சுவரிலே தொங்கிற்று. தவிலும் நாதஸ்வரமும் கோவில் வீதியிலே நின்றன. அவற்றைப் பரம்பரையாக வாசித்த குடும்பங்களுக்கு அப்பால் அவற்றைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க எவரும் முன்வரவில்லை. இணுவிலிலே பிறந்து, அளவெட்டியிலே வாழ்ந்து, தமிழகமும் வியந்து போற்றிய தவில் மேதை தட்சிணாமூர்த்தி (1933–1975) நம் மண்ணிலே தோன்றினார். அவரைக் கொண்டாடியவர்களில் எத்தனை பேர் தம் மகனைத் தவிற் பாடத்துக்கு அனுப்பினார்கள்? 1960இலே மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி தோன்றிற்று. 1975இலே அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தோடு இணைந்தது. அதனால் இசைக்கல்வி பலருக்கும் திறந்தது என்பது மறுக்க முடியாத நன்மை. ஆயினும் கல்லூரியின் கதவு திறந்த அளவுக்கு மனத்தின் கதவு திறக்கவில்லை.

மிருதங்கத்தையே எடுத்துக்கொள்வோம். பலாமரத்தைக் குடைந்த உடல். பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல். வலந்தலையிலே கல்லைப் பொடித்துச் சோற்றுடன் குழைத்து இட்ட கரணை. தொப்பியிலே பிசைந்த ரவை. அந்தத் தோலை உரித்து, ஊறவைத்து, மயிர் நீக்கி, இழுத்துக் கட்டுகிறவன் சுருதி அறியாமல் அதைச் செய்ய முடியாது. அவனுடைய செவி வித்துவானின் செவிக்கு எள்ளளவும் குறைந்ததன்று. ஆயினும் வித்துவானுக்குப் பொன்னாடை; அவனுக்கோ வீட்டின் பின்வாசல். ஒரு கருவியைக் கற்பவன் விரல் வைக்கும் இடத்தை மட்டும் கற்றாற் போதாது. அது யாருடைய உழைப்பிலே நிற்கிறது என்பதையும் கற்க வேண்டும். இதுவே பல கருவி பயின்றதிலே நாம் பெற்ற பெரும் பாடம்.

இப்போது நான்காவது கருவியைப் பற்றிச் சொல்லலாம். அது பறைமேளம்.

யாழ்ப்பாணத்திலே பறை என்பது ஒரு கருவியின் பெயராக மட்டும் இருந்ததில்லை. அது ஒரு சமூகத்தின் மீது சுமத்தப்பட்ட கட்டாய ஊழியத்தின் பெயர். சாவீட்டிலே கூப்பிட்டால் வரவேண்டும். வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும். கொடுத்ததை வாங்க வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களின் எழுச்சியிலே, இனிப் பறை அடியோம் என்ற மறுப்பு ஒரு போர்க்குரலாக எழுந்தது. 1957இலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் காகிதத்திலே இருந்தது. சனங்களோ 1966 அக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலமாக நடந்தார்கள். 1968இலே மாவிட்டபுரம் கோவில் வாசலிலே ஆலயப் பிரவேசத்துக்காக நின்றார்கள். அந்தப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்டு என். கே. ரகுநாதனின் "கந்தன் கருணை" காத்தவராயன் கூத்தின் பாணியிலே மேடை ஏறியது. ஆடற்கலையும் அடிமைத்தளையும் ஒன்றல்ல என்று காட்டிய முயற்சி அது.

நம்மிடம் மிருதங்கம் பயிலும் மாணவன் ஒருவன் அண்மையிலே, "சேர், நான் பறையும் பழகலாமோ?" என்று கேட்டான். அவனுடைய பாட்டனார் இளமையிலே பறையைக் கழற்றி வைத்தவர்களுள் ஒருவர். கேள்வி எளிது, விடை எளிதன்று. பறை தமிழரின் தொன்மைக் கருவி, அதைப் பெருமையோடு வாசி என்று சொல்லிவிடலாம். மேடையிலே அப்படிப் பேசுவோர் இன்று பலர். ஆனால் அதைப் பேசுகிறவர்களின் பாட்டனார் எவரும் சாவீட்டு வாசலுக்கு வெளியே நின்றதில்லை. ஆகவே நாம் விடை சொல்லாமல், அந்தப் பெரியவரைக் காணச் சென்றோம்.

"ஐயா, பேரன் ஆசைப்படுகிறான், நீங்கள் என்ன சொல்லுகிறீர்கள்?" என்று கேட்டோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அடிக்கத் தெரியாமலோ நாங்கள் விட்டனாங்கள், மாஸ்டர்? கூப்பிட்டவுடனை போகவேண்டிக் கிடந்தது, அதாலை விட்டனாங்கள். போகமாட்டன் எண்டு சொல்லத்தான் எங்கடை காலம் முழுக்கப் போச்சுது. இப்ப இவன் தானாகப் போறன் எண்டு நிக்கிறான்."

"அவன் போகவேண்டாம் என்கிறீர்களா?"

"அப்பிடியில்லை. முதல்லை நீங்கள் கழுத்திலை மாட்டுங்கோ. தெருவிலை நிண்டு அடியுங்கோ. சனம் உங்களை என்ன சொல்லுது எண்டு பாப்பம். பிறகு அவனுக்குச் சொல்லலாம்."

இதைவிடச் சிறந்த இசைப் பாடத்தை நாம் எந்தக் குருவிடமும் பெற்றதில்லை. கருவி பொதுவானதா என்பதற்கு இதுவே உரைகல். உயர்ந்தோர் எனத் தம்மைக் கருதுவோரின் தோளிலும் அது தொங்குமானால் அது கலை. ஒரு சாராரின் கழுத்திலே மட்டும் தொங்குமானால் அது நுகத்தடி.

அவரிடமே பாடம் தொடங்கினோம். மிருதங்கத்திலே விரல் பேசும்; பறையிலே கம்பு பேசும், மணிக்கட்டு பேசும். பதினைந்து ஆண்டு மிருதங்கம் வாசித்த கை, முதல் வாரத்திலே பச்சைக் குழந்தையின் கையாயிற்று. அவருடைய அடியிலே இருந்த கணக்கை நாம் எழுதிப் பார்த்தோம். எந்த லய வித்துவானும் தலை வணங்கத்தக்க கணக்கு அது. பாடத்தின் நடுவே ஒருநாள், "இது மட்டும் அடிக்கமாட்டன்; இது பாடைக்கு முன்னாலை அடிக்கிறது" என்று கம்பைக் கீழே வைத்தார். நாம் வற்புறுத்தவில்லை. கற்பதற்கு உள்ள உரிமையைப் போலவே, கற்பிக்க மறுப்பதற்கும் உரிமை உண்டு.

சனசமூக நிலையத்துக் கூத்திலே, வீதியிலே நின்று, நாமும் அவருடைய பேரனும் பக்கம் பக்கமாகப் பறை வாசித்தோம். அடுத்த மாதம் நமது வயலினுக்கு வழக்கமாக வரும் அழைப்பு ஒன்று வரவில்லை. காரணத்தை எவரும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. நாம் இழந்தது ஓர் அழைப்பு. அந்தப் பெரியவரின் தலைமுறை இழந்தவற்றோடு அதனை ஒப்பிட நாம் துணியோம்.

ஆசிரியர்களே, மாணவர்களே! இன்று நமது பிள்ளைகள் பாடசாலை விட்டதும் தனியார் வகுப்புக்கு ஓடுகிறார்கள். சங்கீதம் பரீட்சைப் புள்ளிக்கு உதவினால் ஒரு பாடம்; உதவாவிட்டால் வீண் பொழுது. ஒரு கருவிக்கே இடமில்லாத நாளிலே பல கருவியைப் பற்றிப் பேசுவது ஆடம்பரம் என்று சிலர் கருதலாம். ஆனால் ரொபர்ட் ஓவன் 1817இலே எட்டு மணி வேலை, எட்டு மணி ஓய்வு, எட்டு மணி உறக்கம் என்று கேட்டபோதும் அதனை ஆடம்பரம் என்றே சொன்னார்கள். 1886இலே சிகாகோத் தொழிலாளர் அதற்காக இரத்தம் சிந்தினார்கள். வயிற்றுக்கு உழைத்தது போக எஞ்சும் நேரம் மனிதனுக்கே உரியது என்பது அவர்களின் கோரிக்கை. நமது 50 நிமிடமும் அந்தக் கோரிக்கையின் ஒரு துளியே.

ஆதலின் நாம் முன்வைக்கும் யோசனை சிறியது. ஒவ்வொரு சனசமூக நிலையத்திலும் பத்திரிகை மேசைக்குப் பக்கத்திலே ஓர் அலுமாரி இருக்கட்டும். அதிலே ஒரு வயலின், ஒரு மிருதங்கம், ஓர் ஆர்மோனியம், ஒரு தவில், ஒரு பறை. தனித்தனியே வாங்க இயலாதவற்றை ஊர் சேர்ந்து வாங்கலாம். வாரத்திலே இரண்டு மாலை திறந்தாற் போதும். கற்பிப்பவர்களுக்கு வேதனமும் நாற்காலியும் சமமாக இருக்கட்டும். அலுமாரியின் சாவி எந்த ஒரு வீட்டிலும் தங்கலாகாது. மாதந்தோறும் கை மாறட்டும்.

அப்போது எந்தப் பிள்ளை எதை எடுக்கிறது என்று பார்ப்போம். ஒன்றை எடுத்து அதிலேயே நிலைக்கும் பிள்ளையும் இருக்கும்; எல்லாவற்றையும் தொட்டுப் பார்க்கும் பிள்ளையும் இருக்கும். இரண்டும் நல்ல பிள்ளைகளே. கையை நீட்டும்போது, இது உனக்குரியதன்று என்று எவரும் சொல்லாதிருக்க வேண்டும். இது உனக்கு மட்டுமே உரியது என்றும் எவரும் சொல்லாதிருக்க வேண்டும்.